மாட்டாஸ்பத்திரியில் தொடங்கிய பணி

ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறாள். மருத்துவர் மருந்து கொடுக்கிறார். குழந்தை பிழைத்துக்கொள்கிறது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போகிறாள்.

இரண்டு மாதம் கழிகிறது. அதே அம்மா வருகிறாள். அதே குழந்தை. அதே வயிற்றுப்போக்கு.

ஏன்? ஊரில் தண்ணீர் மாறவில்லை. வீட்டில் சோறு மாறவில்லை. பழக்கமும் மாறவில்லை. அப்படியிருக்க நோய் மட்டும் எப்படிப் போகும்?

இதை நாள்தோறும் பார்த்து மனம் நொந்தார்கள் இரண்டு மருத்துவர்கள். அவர்கள் கணவனும் மனைவியும். கணவர் பெயர் ரஜனிகாந்த் ஆரோளே. மனைவி பெயர் மேபல் ஆரோளே. இருவரும் மகாராஷ்டிர மாநிலத்தில் ஜாம்கேட் என்ற சிறு ஊரில் வாழ்நாள் முழுவதும் தொண்டு செய்தார்கள். என்ன செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்? பார்ப்போம்.

வேலூரில் சந்தித்தவர்கள்

ரஜனிகாந்த் 1934-இல் பிறந்தார். அவர் மகாராஷ்டிரத்துக்காரர். மேபல் 1935-இல் ஜபல்பூரில் பிறந்தார். அது மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. வெவ்வேறு ஊர்க்காரர்களான இருவரும் சந்தித்த இடம் நம் வேலூர். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் இருவரும் படித்தார்கள். நன்றாகவும் படித்தார்கள்.

1960-இல் திருமணம் நடந்தது. திருமணம் என்றால் நகை பேசுவோம், சீர் பேசுவோம். இவர்களோ அந்த நாளில் ஒரு முடிவு எடுத்தார்கள். கிராமத்து ஏழைகளுக்காகவே இருவரும் வாழ வேண்டும் என்பதுதான் அந்த முடிவு. திருமண நாளில் எடுக்கும் முடிவுகள் பல, மூன்றாம் மாதமே மறந்துபோகும். இவர்கள் சாகும்வரை மறக்கவில்லை.

1962 முதல் 1966 வரை வடாலா என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள். கூட்டம் அலைமோதியது. இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோது திடுக்கிட்டார்கள். வரும் நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுக்கக் கூடியவை. நல்ல தண்ணீர், போதுமான சாப்பாடு, தடுப்பூசி, சுத்தமான பிரசவம், இவை இருந்தால் போதும். ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்துகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது. ஊருக்குள் போக வேண்டும்.

அதற்கான படிப்பைத் தேடி இருவரும் அமெரிக்கா போனார்கள். மேபல் பொது மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். ரஜனிகாந்த் அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். பிறகு மக்கள் நல வாழ்வு பற்றியும் படித்தார்கள். அமெரிக்காவில் படித்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இவர்கள் 1970-இல் திரும்பி வந்தார்கள்.

ஏன் ஜாம்கேட்?

ஜாம்கேட், அகமதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். மழை குறைந்த பகுதி அது. மானாவாரிச் சோளம்தான் முக்கிய விளைச்சல். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. கரும்பு வெட்டும் வேலைக்குக் குடும்பம் குடும்பமாக வெளியூர் போவார்கள்.

வசதி இல்லாத ஊரைத்தான் இருவரும் தேடினார்கள். ஆனால் அழைக்காத ஊருக்குள் போய் உட்காரவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். ஊரும் சேர்ந்து உழைத்தால்தான் வருவோம் என்றார்கள். ஊர் சம்மதித்தது. கிடைத்த இடம் என்ன தெரியுமா? பயன்படாமல் கிடந்த பழைய மாட்டாஸ்பத்திரிக் கட்டடம். மாட்டுக்கு வைத்தியம் பார்த்த இடத்தில் மனிதருக்கு வைத்தியம் தொடங்கியது.

மருத்துவர் வந்துவிட்டார் என்று மக்கள் மகிழ்ந்தார்கள். மருத்துவர்களோ, ஊர் ஊராகப் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மக்கள் ஊசி கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றார்கள். சாப்பாடு வேண்டும் என்றார்கள்.

சோறில்லாத வயிற்றுக்கு மாத்திரை எதற்கு? மக்கள் கேட்டதில் என்ன தவறு?

தண்ணீர் எங்கே வந்தது?

1972-இல் மகாராஷ்டிரத்தில் கடும் பஞ்சம் வந்தது. கிணறுகள் வறண்டன. ஆடுமாடுகள் செத்தன. ஆரோளே தம்பதியர் உதவி திரட்டினார்கள். குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் ஊர்ப் பொதுச் சமையல் தொடங்கியது. பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். அடிபம்பு வைத்தார்கள்.

அடிபம்பை எங்கே வைப்பது? இதில்தான் ஒரு பெரிய செய்தி இருக்கிறது.

அந்த ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றைத் தொடக்கூடாது. பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். மேல்சாதிக்காரர் யாராவது வந்து இரக்கப்பட்டு ஊற்றினால்தான் தண்ணீர். வரவில்லை என்றால் சாக்கடைத் தண்ணீர்தான்.

இது தவறு என்று மேடை போட்டுப் பேசியிருக்கலாம். கேட்டுவிட்டுக் கலைந்து போயிருப்பார்கள். ஆரோளே வேறு வழி பார்த்தார். நிலத்தடி நீர் பார்ப்பவரிடம், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்க்கச் சொன்னார். பம்பு அங்கே வந்தது. நல்ல தண்ணீர் கொட்டியது. தாகம் சாதி பார்க்குமா? மேல்சாதிப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள். ஒரே பம்பில் வரிசையில் நின்றார்கள்.

ஒரு நாளில் தீண்டாமை போய்விடவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் ஒரு கதவு திறந்தது.

செவிலியர் தங்கவில்லை

ஊர்தோறும் ஒரு செவிலியர் இருந்தால் நல்லது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். படித்த செவிலியர்களை ஊர்களுக்கு அனுப்பினார்கள். அது சரிப்படவில்லை. வந்தவர்கள் பட்டணத்து இளம் பெண்கள். தனியாக ஊரில் தங்கப் பயந்தார்கள். ஊர்ப் பெண்களும் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. பிள்ளை பெறாத பெண் பிள்ளைப்பேறு பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போது ஊர்க்காரர்கள் பக்கமிருந்தே ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கே சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் அது.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுப்பதா? பல மருத்துவர்கள் சிரித்திருப்பார்கள். ஆரோளே தம்பதியர் சிரிக்கவில்லை. சரி என்றார்கள். இதுதான் ஜாம்கேட் பணியின் உயிர்.

ஒவ்வொரு ஊரும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் பலர் நடுத்தர வயதுக்காரர்கள். பிள்ளை பெற்றவர்கள். கூலி வேலை செய்தவர்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் நிறைய. கணவன் கைவிட்ட பெண்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் கைநாட்டு. இவர்களுக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளர் என்று பெயர்.

முதல் பாடம்

வாரம் ஒரு முறை இவர்கள் ஜாம்கேட்டுக்கு வந்தார்கள். இரவு தங்கினார்கள். எல்லாச் சாதிப் பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. வாரம் போகப் போக அது மாறியது.

இவர்களுக்கு அதிகமாகப் பாடம் நடத்தியவர் மேபல். தொடக்கத்தில் அந்தப் பெண்கள் தலை நிமிரவே இல்லை. பெயர் கேட்டால் சொல்லக் கூசினார்கள். இன்னாருடைய மனைவி, இன்ன சாதி என்றுதான் சொல்லத் தெரியும். பிறந்தது முதல் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கருத்துக் கேட்டதில்லை.

ஆகவே முதல் பாடம் நோய் பற்றியது அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து தன் பெயரைத் தானே சொல்வதுதான் முதல் பாடம். அறிவொளி வகுப்பில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

பிறகு உடம்பைப் பற்றிய பாடங்கள். படம் காட்டினார்கள். பாட்டுப் பாடினார்கள். கதை சொன்னார்கள். புத்தகம் படிக்கத் தெரியாதவர்களுக்கு நினைவாற்றல் அதிகம். ஒரு முறை கேட்டதை ஊருக்குப் போய்ப் பத்து வீட்டில் சொல்வார்கள். அடுத்த வாரம் வந்து, எந்த வீட்டில் கேட்டார்கள், எந்த வீட்டில் விரட்டினார்கள் என்று சொல்வார்கள். அதுவே அடுத்த பாடம் ஆகும். காலப்போக்கில் இரத்த அழுத்தம் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

விரட்டியதும் நடந்ததுதான். தாழ்த்தப்பட்ட பெண் மருந்துப் பையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தினார்கள். ஆனால் நடு இரவில் மகளுக்குப் பிரசவ வலி வந்தால்? ஜாம்கேட் எத்தனையோ கல் தொலைவு. வண்டி கிடையாது. அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டும். தாயும் பிள்ளையும் பிழைத்த வீட்டில் பிறகு யார் அவளை வாசலில் நிறுத்துவார்கள்?

தொப்புள்கொடியும் அரிவாளும்

அந்த நாளில் அங்கே பிரசவம் எப்படி நடந்தது? கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்று நம்பினார்கள். அதனால் அரை வயிறுதான் சாப்பாடு. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை அரிவாளாலும் கல்லாலும் அறுத்தார்கள். சீம்பால் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். பச்சைக் குழந்தை இரண்டு மூன்று நாள் தாய்ப்பால் இல்லாமல் கிடந்தது.

துருவும் மண்ணும் பட்ட அரிவாளில் கிருமி இருக்கும். அது கொடி வழியாகக் குழந்தையின் உடம்புக்குள் போகும். சில நாளில் குழந்தைக்கு வாய் திறக்காது. பால் குடிக்காது. உடம்பு வில்லாக வளையும். பிறகு இறந்துவிடும். பேய் அடித்தது என்பார்கள், சாமி குற்றம் என்பார்கள். உண்மையில் அது ரணஜன்னி என்ற நோய்.

இதைத் தடுக்க எவ்வளவு செலவு ஆகும்? புது பிளேடு ஒன்று, சுத்தமான நூல், சுத்தமான துணி. ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இவற்றை ஒரு சிறு பொட்டலமாக வைத்திருந்தார்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கர்ப்பிணிக்கு ரணஜன்னித் தடுப்பூசி போட வைத்தார்கள். சீம்பாலைக் கொட்டாதே, அதுதான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து என்று சொன்னார்கள். இன்று எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற வேண்டும் என்கிறோம். அது சரிதான். ஆனால் 1970-களில் அந்த ஊர்களுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருந்தது?

வயிற்றுப்போக்குக்கும் வழி இருந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பது ஏன்? உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால். போன நீரைத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் சர்க்கரை 6 சிறு கரண்டி, உப்பு அரைச் சிறு கரண்டி. கரண்டியைக் குவித்து அள்ளக் கூடாது. தலை தட்டி அளக்க வேண்டும். உப்புக் கூடினால் ஆபத்து. அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இப்போது இதற்கென்றே உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் அரசு சுகாதார நிலையங்களில் கிடைக்கின்றன. அன்று ஜாம்கேட் பக்கத்துத் தாய்மார்களுக்கு இதை வீட்டு அடுப்படியிலேயே செய்துகாட்டியவர்கள் அந்தப் பெண்கள்தான்.

ஆண்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. இளம் விவசாயிகள் சங்கம் வைத்தார்கள். குழந்தைகளை எடை போட்டார்கள். மரம் நட்டார்கள். மழைநீரைத் தடுக்க வரப்பும் அணையும் கட்டினார்கள். பெண்கள் மாதர் சங்கம் வைத்தார்கள். கடன் வாங்கி ஆடு வளர்த்தார்கள், சிறு கடை வைத்தார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

1971-இல் அந்தப் பகுதியில் 1000 குழந்தைகள் பிறந்தால், 176 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன்பே இறந்தன. அதாவது கிட்டத்தட்ட ஆறு குழந்தைகளுக்கு ஒன்று. பிள்ளையைப் புதைக்காத தாய் ஊரில் இருந்திருப்பாளா என்பதே சந்தேகம்.

1976-இல் அந்த எண்ணிக்கை 52 ஆகக் குறைந்தது. ஐந்தே ஆண்டுகள்தான். 1996-இல் 26.

பெரிய பெரிய கருவிகளால் இது நடக்கவில்லை. ஜாம்கேட்டில் எளிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. கடினமான நோய்களும் அறுவை மருத்துவமும் அங்கே. மற்றதெல்லாம் ஊரிலேயே. தொழுநோய் வந்தவர்களை அதற்கு முன்பு ஊரைவிட்டு விரட்டினார்கள். சுகாதாரப் பணியாளர்கள் தோலில் தேமலைப் பார்த்துத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தார்கள். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் பட்டறையும் ஜாம்கேட்டில் வந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பெண்கள் சம்பளம் வாங்கவில்லை. தொண்டாகச் செய்தார்கள். பிழைப்புக்குத் தொழில் செய்ய மருத்துவர்கள் வழி செய்து கொடுத்தார்கள். அது ஒரு சிறு பகுதியில் முடிந்தது. 2005-இல் இந்திய அரசு ஊர்தோறும் ஆஷா பணியாளர்களை நியமிக்கத் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக இருந்த முயற்சிகளில் ஜாம்கேட்டும் ஒன்று. ஆஷா பெண்கள் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் கேட்கிறார்கள். நாடு முழுவதும் ஒரு வேலையை ஏழைப் பெண்களிடம் ஒப்படைத்தால், அதைத் தொண்டு என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வது நியாயம் ஆகாது.

சின்ன விளக்கு

1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேட் பணி பற்றிய கட்டுரை வந்தது. 1979-இல் இருவருக்கும் சேர்த்து மகசேசே விருது கிடைத்தது. ஆசியாவின் பெரிய விருது அது. 1990-இல் ரஜனிகாந்துக்கு இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது.

1988-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கூட்டம். பல நாட்டு மருத்துவர்கள் வந்திருந்தார்கள். ஜாம்கேட்டின் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் அங்கே பேசினார். மண்டபத்தின் மேலே பெரிய சரவிளக்குத் தொங்கியது. அந்தப் பெண் அதைக் காட்டிப் பேசினார். இந்த விளக்கு அழகு, ஆனால் விலை அதிகம், தொங்கும் இடத்தை விட்டு நகராது என்றார். பிறகு ஓர் அகல் விளக்கைக் காட்டினார். இது காசுக் கணக்கில் மலிவு, இதை எந்தக் குடிசைக்கும் எடுத்துப் போகலாம், இதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றலாம் என்ற பொருளில் சொன்னார். நாங்கள் இந்தச் சின்ன விளக்குகள் என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அதைவிடப் பெரிய மாற்றம் ஜாம்கேட்டிலேயே நடந்தது. தங்களுக்குத் தெரிந்ததை இருவரும் தங்களிடமே வைத்துக்கொள்ளவில்லை. 1994-இல் தங்கள் அனுபவத்தை நூலாக எழுதினார்கள். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது.

1999-இல் மேபல் காலமானார். நாற்பது ஆண்டுத் துணை போனது. ரஜனிகாந்த் ஜாம்கேட்டை விட்டுப் போகவில்லை. இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். 2011 மே மாதம் அவரும் காலமானார். இருவரின் மகளும் மகனும் அந்தப் பணியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மகளும் ஒரு மருத்துவர்தான்.

அந்தப் பயிற்சி நிலையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் படித்திருக்கிறார்கள். அவர்களில் மருத்துவர்கள் உண்டு, செவிலியர்கள் உண்டு, அரசு அதிகாரிகள் உண்டு. கையில் நோட்டுடன் அவர்கள் உட்கார்ந்திருக்க, முன்னால் நின்று பாடம் சொல்பவர்களில் அந்த ஊர்ப் பெண்களும் உண்டு. ஒரு காலத்தில் தன் பெயரைச் சொல்லக் கூசியவர்கள் அவர்கள். பாடம் தொடங்கும் முன் முதலில் தங்கள் பெயரைச் சொல்வார்கள்.